ஓட்டை இருக்கா?

"எம்.எஸ்சி. கணக்கு படிச்சு இன்னாத்தடி கண்ட?" என்று காசம்மாள் மகளைக் கேட்காத நாளில்லை. கேட்கத்தானே செய்வாள்! சுத்துக்கேணியில் பிறத்தியார் வயலில் நாற்று நட்டுப் படிக்க வைத்தவள்.

ரோஸ்லின் பதில் சொன்னதில்லை. சொன்னால் ராஜ்மோகன் பேரைச் சொல்ல வேண்டியிருக்கும். ஊரில் கரும்புத் தோட்டம் வைத்திருப்பவர் வீட்டுப் பையன், இவளோடு ஒரே வகுப்பு. படித்த காலம் முழுக்க, வில்லியனூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் இருவருக்கும் ஒரே வேலைதான். ஒருத்தர் ஒரு நிரூபணத்தை அரைகுறையாகச் சொல்லி, "ஓட்டை இருக்கா?" என்று கேட்க வேண்டும். மற்றவர் ஈவிரக்கமில்லாமல் குடைய வேண்டும். தன் தப்பைக் கூசாமல் காட்ட ஓர் ஆள். கணக்கு படித்து அவள் கண்டது அதுதான். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

படிப்பு முடிந்தது. துறையில் ஆராய்ச்சிக்கு ஒரே ஓர் இடம். சொந்தமாக ஒன்றை நிரூபித்துக் காட்டுகிறவருக்கு அது. ரோஸ்லின் தன்னுடையதை அவனிடம்தான் முதலில் சொன்னாள். திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, "ஓட்டையே இல்ல ரோஸு, சூப்பர்" என்றான்.

அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. நேர்காணலுக்கு முதல்நாள் சோறு வடிக்கும்போது பொறி தட்டியது. நடுவில் ஓரிடத்தில் ஓர் எண்ணால் வகுத்திருக்கிறாள். அது பூஜ்யமாக இருந்தால்? போச்சு! கஞ்சி கையில் கொட்டியதுகூட உறைக்கவில்லை. அந்த ஒரு நிலையைத் தனியாகப் பிரித்துச் சரிசெய்த பிறகுதான் உயிர் வந்தது.

காலையில் அவனிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று வில்லியனூர் ஸ்டாப்பில் வந்த பஸ்ஸையெல்லாம் விட்டாள். ஆள் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று வேறு கவலைப்பட்டாள், பைத்தியக்காரி.

அவன் முன்னாலேயே போய்விட்டிருந்தான். அவள் மூச்சிரைக்க நேர்காணல் அறைக்குள் நுழைந்தபோது எல்லார் முன்னாலும் போர்டில் எழுதி முடித்திருந்தான். அவளுடையதை! வரிக்கு வரி, எண்களுக்கு அவள் வைக்கிற அதே எழுத்துகளோடு. திருட்டுப் பயல்! இனி அவள் எழுதினால் அவள்தான் திருடி.

"அருமை. யாருக்காவது சந்தேகம்?" என்றார் பேராசிரியர் அமுதம்.

ராஜ்மோகன் அவள் பக்கமே திரும்பவில்லை. அவள் வாய் திறக்க மாட்டாள் என்கிற தைரியம்.

ரோஸ்லின் கேட்டாள்: "நடுவுல வகுத்திருக்கியே, அது பூஜ்யமா இருந்தா?"

அவன் போர்டைப் பார்த்தான், சாக்பீஸைப் பார்த்தான். அமுதம் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். "ஆமாம்பா, ஆகலாமே! அப்ப இன்னா பண்ணுவ?"

அவனுக்குத் தெரியவில்லை என்றதும் அமுதம் ரோஸ்லின் பக்கம் திரும்பினார்.

"நீ எப்படிம்மா பாத்தவுடனே புடிச்ச?"

"பாத்தவுடனே இல்ல மேடம். நேத்துதான் புடிச்சேன். அந்தத் தப்பு என்னுது." ராஜ்மோகனைக் காட்டினாள். "இவன்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

அமுதம் அவன் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி அவளிடம் நீட்டினார். எழுத எழுதக் கண்ணீர் மறைத்தது, கை மட்டும் தடுமாறவில்லை. பூஜ்யமானால் என்ன ஆகும் என்பதைத் தனியாக எழுதி முடித்தாள். பழக்க தோஷம், திரும்பி அவனைப் பார்த்து, "ஓட்டை இருக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"இல்லம்மா. இடம் உனக்குத்தான்" என்றார் அமுதம்.

ரோஸ்லின் காதில் அது விழவில்லை. அவன் வாயிலிருந்து வரவேண்டிய பதிலுக்காக இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.