இரண்டாவது ஓட்டை

அந்த ரப்பர் தோட்டத்தில் எல்லாராலும் வெறுக்கப்பட்டவன் முருகையா. அவன் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. வேலிக்கு வெளியே தூங்கினான், அவ்வளவுதான்.

காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று சர்க்கார் தொழிலாளர் குடியிருந்த எல்லா லயங்களையும் ஒரே இடத்தில் நெருக்கி, சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்த காலம் அது. பொழுது சாய்ந்தால் கேட்டைப் பூட்டுவார்கள், விடிந்தால்தான் திறப்பார்கள். ஒரு குடும்பம் இருந்த அறையில் இரண்டு குடும்பங்கள், நடுவில் தடுப்பாக ஒரு சாக்கு. சாக்குக்கு அந்தப் பக்கம் இருப்பவன் இருமினால் இந்தப் பக்கம் இருப்பவன் நெஞ்சைத் தடவிக்கொள்ளும் அளவுக்கு ஒற்றுமை வளர்ந்திருந்தது.

முருகையாவுக்கு மட்டும் இந்த ஒற்றுமை வாய்க்கவில்லை. போர்டிக்சன் என்ற கடற்கரை ஊருக்குப் போகும் வழியில், ஓடை கடலைத் தொடும் இடத்தில் தோட்டத்துத் துரையின் மோட்டார் படகு கட்டிக் கிடந்தது. அதை ஓட்டுவதும் அவன்தான், ராத்திரி காவல் காப்பதும் அவன்தான். அதற்காக அவனுக்கு ஒரு பாஸ் கொடுத்திருந்தார்கள். நிலாவைக் கம்பி இல்லாமல் பார்க்கிற ஒரே தமிழன் அந்தத் தோட்டத்தில் அவன்.

படகில் துரைசாணிக்காக ஒரு கக்கூஸ் இருந்தது. குந்தியெழுந்து பக்கத்திலிருக்கும் கைப்பம்பை அடித்தால், எல்லாம் அடியிலிருந்த இரும்புத் தொட்டிக்குள் போய்விடும். ஆழத்துக்குப் போய்த் தொட்டியைத் திறந்துவிட்டு வருவது வழக்கம். கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலச் சட்டம் வந்ததும், படகுகள் கரையை விட்டு அதிகம் விலகக் கூடாது என்று உத்தரவு வந்தது. வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், குடித்தார்கள், குந்தினார்கள். தொட்டி மட்டும் எங்கும் போகவில்லை. ஒரு வியாழக்கிழமை அதன் மூட்டு துருப்பிடித்து வாயைப் பிளந்தது.

துரை வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். துரைக்குத் தமிழ் வரும். அத்தனையும் விரட்டுகிற தமிழ்.

"ஞாயித்துக்கெழமை போலீஸ் துரை வருது. நாத்தம் போ. நாத்தம் போகாட்டி போட் கரையில ஏறு. நீ லைனுக்குப் போ."

லைன் என்றால் வேலிக்குள் இருக்கும் லயம். லயத்தில் அவன் மனைவி பஞ்சாலையோடு அறையைப் பங்கு போட்டிருந்தது அவளுடைய அண்ணன் அர்ச்சுனன் குடும்பம். அர்ச்சுனனுக்குச் சர்க்கார் காக்கி உடுப்பும் துப்பாக்கியும் கொடுத்து ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஆக்கியிருந்தது. துப்பாக்கி வந்த நாளிலிருந்து அவன் சிரிப்பதில்லை. கேட்டில் நின்று, வேலைக்குப் போகும் ஒவ்வொருவரின் தூக்குச்சட்டியையும் திறந்து மோந்து பார்ப்பான். போன மாதம் தன் தங்கை கொண்டுபோன கஞ்சியையே அவள் கண்ணெதிரில் தரையில் கொட்டினான். அதற்கு முருகையா அவனைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான். அர்ச்சுனனுடைய அம்மாவைப் பற்றிய வார்த்தை. அவள் பஞ்சாலைக்கும் அம்மா என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவன் நினைவுக்கு வந்தது.

"நீ திரும்பி வந்தியன்னா, சாக்குக்கு இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் எங்கண்ணன்," என்றாள் பஞ்சாலை. ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்துத் திரும்புகிற வழியில் படகுத்துறையில் நின்றிருந்தாள். "நடுவுல நான் நாறிச் சாவணும். அந்த நாத்தத்துக்கு இந்த நாத்தமே தேவலலா. ஏதாச்சும் செய்."

"என்னா செய்யச் சொல்ற?"

"தோட்டம் பூரா ரப்பரு. ஓட்டைய அடைக்க என்னா செய்யலாம்னு என்கிட்ட கேக்குற. போட்டு ஓட்டுறானாம் போட்டு."

மறுநாள் அவளே, தான் வெட்டிய ரப்பர் பாலில் கொஞ்சத்தைக் கஞ்சி டின்னில் ஊற்றி, பால் உறையவைக்கும் ஆசிட்டை ஒரு மருந்துப் புட்டியில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆனால் தனியாக வரவில்லை. பின்னாலேயே துப்பாக்கியோடு அர்ச்சுனன் வந்தான்.

"பால் திருட்டு," என்றான்.

"அண்ணே, இது துரையோட மரம், துரையோட பால், துரையோட கக்கூஸு. திருடி எங்க கொண்டு போறேன்?"

அர்ச்சுனன் யோசித்தான். யோசிப்பது அவன் உத்தியோகத்தில் சேராத வேலை என்பதால் சற்று நேரம் பிடித்தது. கடைசியில் அது குற்றம் இல்லை என்று முடிவு செய்து, முருகையா அவதிப்படுவதைப் பார்க்க வசதியாகப் படகின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டான்.

முருகையா வாளியால் தொட்டியில் பாதியை இறைத்து ஓடையில் கொட்டினான். மீதியை இறைக்க அவனுக்கு மனமும் இல்லை, மூக்கும் இல்லை. பழைய பனியனைக் கிழித்து, பாலில் நனைத்து, பிளந்த மூட்டின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினான். ஆசிட்டைத் தெளித்ததும் பால் உறைந்து வெள்ளைத் தோல்போல் இறுகியது.

"நல்லா தடவு மாப்ள," என்றான் அர்ச்சுனன். "உன் கைக்கு ஏத்த வேல இன்னைக்குத்தான் கெடச்சிருக்கு."

"உன் கைக்கு ஏத்த வேல என்னான்னு ஊருக்கே தெரியும் மச்சான். பொம்பளைங்க கஞ்சியில வெரல விட்டுக் கலக்குறது."

"டே, நான் நெனச்சா உன் பாஸ கிழிச்சுப் போட்ருவேன்."

"மொதல்ல அத எழுத்துக்கூட்டிப் படி. அப்பறம் கிழி."

இந்த உரையாடல் ஓட்டை அடைபடும் வரை நீடித்தது. முருகையா கையைக் கழுவிவிட்டு மூச்சை இழுத்துப் பார்த்தான். நாற்றம் குறைந்திருந்தது. போகவில்லை.

அர்ச்சுனன் எழுந்து, கேட்டில் சட்டிகளை மோந்து பழகிய மூக்கை நீட்டிக்கொண்டு படகைச் சுற்றினான். மேல்தட்டின் ஓரத்தில், தூங்குவதற்கென்று இருந்த சின்ன அறையின் சன்னலுக்குக் கீழே, விரல் நுழைகிற அளவில் ஒரு பித்தளைக் குழாய் வெளியே எட்டிப் பார்த்தது. குனிந்து மோந்தவன் முகம் மலர்ந்தது. துப்பாக்கி வந்த பிறகு அவன் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

"இங்க ஒரு ஓட்டை இருக்குடா! இதுலருந்துதான் வருது. வருசக்கணக்கா இதுலயே படுத்துக் கெடக்குற, இது தெரியல. மரமண்டை."

அந்தக் குழாய் எதற்கு இருக்கிறது என்று முருகையா அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. நினைத்துப் பார்க்க இப்போதாவது ஒரு நிமிடம் இருந்தது. ஆனால் மச்சான் எதிரில் தெரியாது என்று ஒப்புக்கொள்வதைவிட அவன் கடலில் குதித்திருப்பான்.

"எனக்குத் தெரியாதா? கடைசியா அடைக்கலாம்னு வெச்சிருந்தேன்."

மிச்சமிருந்த பாலையெல்லாம் அதில் ஊற்றி, ரப்பர் கட்டியை அழுத்தி, மேலே கம்பியைச் சுற்றி முறுக்கினான். அர்ச்சுனன் துப்பாக்கிக் கட்டையால் ஒரு குத்துக் குத்தி உறுதி செய்தான். இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது. நாற்றம் சுத்தமாக நின்றுவிட்டது. அது தன்னால்தான் என்று இருவரும் பஞ்சாலையிடம் தனித்தனியாகச் சொன்னார்கள்.

இரண்டு நாள் வெயில் காய்ந்தது. தொட்டிக் காற்று வெளியேற இருந்த ஒரே வழியும் அடைபட்டதால், உள்ளே இருந்தது உள்ளேயே புளித்துப் பொங்கியது. அடியில் ஒட்டிய ரப்பர் தோல் பூசணிக்காய் அளவுக்கு உப்பியிருந்தது. முருகையா அதைப் பார்த்தான். ரப்பர் நல்ல ரப்பர் என்று நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை துரையும் போலீஸ் துரையும் ஒரு பெட்டி பீரோடு வந்தார்கள். காவலுக்கு அர்ச்சுனன் ஏறினான். துரை நாலாபுறமும் மோந்து பார்த்து, "குட்," என்றார். முருகையாவுக்கு உயிர் வந்தது. இனி வேலி இல்லை, சாக்கு இல்லை.

படகு கரையோரக் கண்டல் மரங்களை ஒட்டிப் போனது. துரைகள் பீர் குடித்தார்கள். துரை இரண்டு தடவை கக்கூஸுக்குப் போய்வந்து, பம்பு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்றார். பிறகு போலீஸ் துரை போனார். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள். பம்பு இறுகியதும் விட்டுவிடுகிற ரகம் இல்லை. எதிர்ப்பவர்களை அடக்கத்தான் அவருக்குச் சம்பளம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அடிக்கிற சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

டமார்!

"குண்டு! குண்டு போட்டுட்டானுங்க!" என்று அலறிய அர்ச்சுனன் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியில் இருந்தவரை சுட்டான். துரை குப்புற விழுந்தார். துப்பாக்கி ஓய்ந்தபோது சேதமடைந்திருந்தது பீர்ப் பெட்டி மட்டுமே.

கக்கூஸ் கதவு திறந்தது. போலீஸ் துரை வெளியே வந்தார். அவரை வர்ணிக்காமல் விடுவதே சர்க்காருக்குச் செய்யும் மரியாதை. தோளில் முருகையாவின் பனியன் ரப்பரோடு தொங்கியது.

துரை எழுந்து, இரண்டு விரலால் அதை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். "இது என்ன?"

படகில் குண்டு வைத்தவனுக்கு அப்போது தூக்கு. வைத்திருப்பானோ என்று சந்தேகப்பட்டால் இந்தியாவுக்குக் கப்பல். முருகையா வாயைத் திறப்பதற்குள் அர்ச்சுனன் முந்திக்கொண்டான்.

"இவன்தான் தொரை! இவன்தான் அடைச்சான்! நான் என் கண்ணால பாத்தேன்!"

"இன்னொரு ஓட்டைய யாரு தொரை காட்டுனா? இவன்! துப்பாக்கியால குத்தி அடைச்சான் தொரை!"

"பொய்! இவன் காட்டுக்காரன்!"

"நீதான்டா! பீர சுட்டவன் நீ!"

போலீஸ் துரை ஒரு கையை உயர்த்தினார். கையிலிருந்து சொட்டியதால் எல்லாரும் பின்வாங்கினார்கள். அவர் துரையிடம் ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் பேசினார். மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் அதில் புரிந்தது 'கிளப்' என்ற ஒரே சொல்தான். துரைக்கு எல்லாம் புரிந்தது. கக்கூஸில் அடிபட்ட போலீஸ் அதிகாரி என்று வெள்ளைக்காரர்கள் கூடும் கிளப்பில் பேச்சு கிளம்பினால், அந்தக் கக்கூஸ் யாருடையது என்றும் கேட்பார்கள். இரண்டு பேரும் உடைந்த பீர் போத்தல்களைப் பார்த்தார்கள். பிறகு கண்டல் மரங்களைப் பார்த்தார்கள்.

"கம்யூனிஸ்ட்," என்றார் துரை.

"கம்யூனிஸ்ட்," என்றார் போலீஸ் துரை.

போத்தல் உடைந்திருந்ததால், எதிரி கரையிலிருந்து சுட்டதற்குச் சாட்சியும் கிடைத்தது. அர்ச்சுனன் திருப்பிச் சுட்ட வீரன் ஆனான்.

துரை நியாயஸ்தர். முருகையாவின் பாஸைப் பிடுங்கவில்லை. எதிரி தாக்கிய இடம் என்பதால் மறுவாரமே லாரி வந்து, படகுத்துறையின் மூன்று பக்கமும் முள்கம்பி போட்டது. நாலாவது பக்கம் கடல். தொட்டியைப் பற்றவைத்துத் தந்தார்கள், படகு மட்டும் இனி நகரக் கூடாது. கேட் ஒன்று, பூட்டு ஒன்று. பொழுது சாய்ந்தால் துரையே பூட்டிச் சாவியைக் கொண்டு போவார். காவலுக்கு, ஏற்கெனவே அங்கே போர் செய்து அனுபவம் பெற்ற அர்ச்சுனன். அவனும் உள்ளேதான்.

முதல் நாள் சாயங்காலம் பூட்டு விழுந்த சத்தம் அடங்கியதும், மேட்டில் இருந்த லயத்து வேலியிலிருந்து பஞ்சாலை கத்தினாள்.

"ஏய்யா! இப்ப நீ உள்ள இருக்கியா, வெளிய இருக்கியா?"

"ஊரடங்கு! சத்தம் போடாத!" என்று அர்ச்சுனன் கத்தினான்.

"அண்ணே, நானும் அண்ணியும் சாக்க அவுத்துட்டோம்! ரூமு எம்மாம் பெருசா இருக்கு தெரியுமா! கை கால நீட்டிப் படுத்தோம்லா!"

அங்கிருந்து இரண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம் வந்தது. முருகையா அர்ச்சுனனைப் பார்க்காமல் மேல்தட்டில் பாயை விரித்தான். நிலா எழுந்தது, கம்பியோடு.

சின்ன அறைக்குள் இடம் பிடித்திருந்த அர்ச்சுனன் சிறிது நேரம் புரண்டான். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"மாப்ள, என்னா நாத்தம் இது? அந்தப் பித்தளக் கொழாய என்னா செஞ்ச?"

"தொரை தொறந்து வெக்கச் சொன்னாரு மச்சான்," என்றான் முருகையா. "உன் தலமாட்டுலதான் இருக்கு. மோந்துகிட்டே தூங்கு."