வரப்பு இருந்த இடம்

1

இந்தக் கதை ஒரு வெற்றிலைத் தட்டிலிருந்து பிறந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் கோபத்திலிருந்துதான் பிறந்தது. கோபம் யார் மேல் என்பது இன்னும் பிடிபடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் வரியைப் பல முறை எழுதி அடித்தாயிற்று. (அதில் ஒன்று: "ஆற்றில் தண்ணீர் வந்த வாரம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது வானம்" – வானத்துக்கும் இந்த விவகாரத்துக்கும் என்ன சம்பந்தம்? போகட்டும்.)

2

விவகாரம் இவ்வளவுதான். அப்பா எனக்கு விட்டுப்போன வயல் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் இருக்கிறது. ஒரே ஒரு வரப்பு தள்ளி, பெரியப்பா மகன் பஞ்சநதம் அண்ணனின் வயல். இரண்டையும் அவர்தான் பயிர் செய்கிறார். என்னுடையதை விலைக்குக் கேட்டார். எனக்குக் கொடுக்க மனசில்லை.

நாற்றுக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாதவளுக்கு நிலம் எதற்கு என்பீர்கள். சென்னையில் யாராவது சொந்த ஊரைக் கேட்டால் "அங்க நிலம் இருக்கு" என்று சொல்லிப் பழகிவிட்டேன். அதை விட முடியவில்லை. அற்பக் காரணம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

சித்திரையில் அண்ணன் சென்னைக்கு வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து நீட்டினார். வீடு தேடி வந்த அண்ணன் நீட்டும் தட்டை எந்தத் தங்கை வேண்டாம் என்பாள்? இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.*

* எங்கள் பக்கத்தில் நிலம் பேசி முடிந்தால்தான் தாம்பூலம் மாற்றுவார்கள். தெரியும். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, அந்த நேரம் அது உறைக்கவில்லை.

3

பஞ்சநதம் அண்ணனைப் பேராசைக்காரராக எழுதிப் பார்த்தேன். மீசையை முறுக்கவைத்தேன். அவருக்கு மீசையே கிடையாது. ரொம்ப நல்லவராக்கினேன், அதுவும் பொய். கடைசியில் அவரை அவராகவே விட்டுவிட்டேன். யாரையும் கேட்காமல் முடிவெடுப்பார், பிறகு அதற்காக வெயிலில் நின்று பாடுபடுவார்.

4

விற்கப்போவதில்லை என்று நேரில் சொல்லத்தான் ஆனி மாதம் போனேன். வயலைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரை ஒரே சேறு, ஒரே வயல். டிராக்டர் கிடைத்த அன்றைக்கு, அண்ணன் வரப்பையும் சேர்த்து உழுது சேறடித்துவிட்டார்.

பஸ்ஸில் தயார் செய்த வாக்கியம் ("அண்ணே, நல்லா யோசிச்சுப் பாத்ததுல") பாதியிலேயே நின்றது. நான் இன்னும் சரி என்று சொல்லவில்லையே என்று மட்டும் சொன்னேன்.

"தட்ட வாங்கிக்கிட்டியேம்மா" என்றார்.

அதற்கு அப்படி ஒரு அர்த்தம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை அண்ணே என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. சண்டை போட்டிருந்தால் கதை எழுதுவது சுலபம். மனிதர் நேராக மோட்டார் கொட்டகைக்குப் போய் மண்வெட்டியோடு வந்து சேற்றில் இறங்கினார்.

"வரப்ப திரும்பப் போட்டுடறேன். எங்கன்னு காட்டு."

அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது, அண்ணன் தம்பிக்குள் கல் எதற்கு என்று ஊன்றாமல் விட்டார்களாம். வரப்புதான் எல்லை. அது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. நீங்களே பார்த்துப் போடுங்கள் என்றேன்.

"நான் போட்டா நாளைக்கு உனக்கு ஒரு சந்தேகம் வரும். வேணாம். நீ காட்டுற எடத்துல போடறேன்."

5

கதைக்கு ஒவ்வொரு முடிவாக வைத்துப் பார்த்தேன். ஒன்றில் கையெழுத்துப் போட்டேன், பத்திர ஆபீஸ் வாசலில் எல்லோரும் டீ குடித்தார்கள், என்னுடையது ஆறிப்போனது. இன்னொன்றில் சர்வேயரைக் கூப்பிட்டு அளந்தேன். அதன் பிறகு அண்ணன் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மூன்றாவதில் குத்துமதிப்பாகக் கையை நீட்டினேன். அது அவருடைய வயலுக்குள்ளேயே விழுந்திருந்தாலும் அவர் வாயைத் திறக்கமாட்டார். அந்த முடிவை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

(நான்காவது முடிவில் நான்)

நாளைக் காலையில் நடவு ஆட்கள் வருகிறார்கள். அண்ணன் முழங்கால் சேற்றில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். இந்தப் பக்கம் மதகு, அந்தப் பக்கம் ஒரு தென்னை. வரப்பு நடுவில் எங்கேயோ இருந்தது. இந்தாருங்கள் என் கை, நீங்களே பிடித்து நீட்டுங்கள். பார்த்து நீட்டுங்கள். காட்டும் இடத்தில் அவர் போட்டுவிடுவார்.