ராக்கெட்டுக்குப் போகும் பொடி

பம்பாய் மாட்டுங்காவில் இந்த அம்மிணி மாமியைத் தெரியாதவர் கிடையாது. என் பிள்ளை சாய்நாத் வேலையை விட்டுவிட்டு எம்.டெக். சேர்ந்தபோது, மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங், ஊரில் இல்லாத படிப்பு என்று வீடு வீடாகச் சொன்னவள் நான்தான். கடைசியில் அவன் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி என்ன தெரியுமா? பெரியவர்கள் கட்டிக்கொள்ளும் டயப்பர். அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் பொடி, மேலே ஆள் உட்கார்ந்தாலும் கசியக் கூடாதாம். தலையில் அடித்துக்கொண்டேன்.

விண்வெளிக்குப் போகிறவர்களும் அதைத்தான் கட்டிக்கொள்கிறார்கள் என்று ஒரு நாள் அவனே சொன்னான். போதுமே எனக்கு! அன்றிலிருந்து யார் கேட்டாலும், ராக்கெட்டில் போகிற மெட்டீரியல் என்றேன். வேண்டாம்மா என்றான். நீ வாயை மூடு, கல்யாணம் ஆக வேண்டாமா என்று அடக்கினேன். அவன் அப்பா போனபிறகு எல்லாம் நான்தானே பார்க்க வேண்டும்.

செம்பூரில் ஒரு ஜாதகம் பொருந்தியது. பெண் ஷ்ருதி, பாங்க் வேலை, அம்மா இல்லை. அப்பா ஜகந்நாதன் டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானியாக இருந்து ரிட்டையர் ஆனவர். முதலில் கோவிலில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினேன். முடியாது, வீட்டுக்கே வாருங்கள் என்று பதில் வந்தது. பெரிய இடத்துத் திமிர் என்று டாக்ஸியில் போகும்போதுகூடப் பொருமினேன்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் போனோம். எங்களை சோபாவில் உட்காரவைத்துவிட்டு, அவர் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். காபியையும் தொடவில்லை. அதற்கும் எனக்குள் ஒரு முணுமுணுப்பு. ஆனால் பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பிடித்துப்போயிற்று என்பது முகத்திலேயே தெரிந்தது. குருவாயூரப்பா, இந்த இடம் தட்டிப்போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

ராக்கெட்டில் எந்தப் பாகம் என்று ஜகந்நாதன் ஆசையாகக் கேட்டார். சாய்நாத் என்னைப் பார்த்தான். நான் முந்திக்கொண்டு, அதெல்லாம் ரகசியம், வெளியே சொல்லக் கூடாதாம் என்றேன். அவர் சிரித்தார். பொருளின் பெயரையாவது சொல்லலாமே என்றார். என் பிள்ளைக்குப் பொய் வராது. தலையைக் குனிந்துகொண்டு, சோடியம் பாலிஅக்ரிலேட் என்றான்.

அவர் சிரிப்பு நின்றது. ஷ்ருதி பஜ்ஜித் தட்டோடு அப்படியே நின்றாள்.

"அந்தப் பேரை நான் தினம் டயப்பர் பாக்கெட்ல படிக்கறேன், மாமி," என்றார். "ஆபரேஷனுக்கு அப்புறம் அதைக் கட்டிண்டுதான் இருக்கேன். பண்றவாளுக்கே வெளில சொல்ல வெட்கமா இருந்தா, கட்டிக்கறவன் என்ன பண்ணுவான்?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சாய்நாத் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உட்கார்ந்தா கசியறதா, மாமா?"

ஆமாம் என்றார். எந்தப் பக்கம், எவ்வளவு நேரத்தில் என்று அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். டாக்டரிடம்கூடச் சொல்லாததையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே போனார். என்னை யாரும் கவனிக்கவில்லை. அதுவே தேவலை என்றிருந்தது.

புறப்படும்போது அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"கோவிலுக்கு வரணும்னு எனக்கும் ஆசைதான், மாமி. நடுவுல நனைஞ்சுடுத்துன்னா? அந்தப் பயத்துலதான் வரலை. தப்பா நெனச்சுக்காதீங்கோ."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! ஊர் முழுக்கப் பேசின நான், அந்த வாசலில் அவரைவிடத் தாழக் குனிந்து கைகூப்பினேன்.