இதுல ராமர் எவன்?

நாலு மணிக்குள் இசக்கிசெல்விக்கு ஒரு போன் வேண்டும். உப்பளங்களுக்கு லாரி அனுப்பும் ஆபீசில் அவள்தான் புக்கிங் கிளார்க். எந்த வண்டி எந்த உப்பளத்துக்கு என்று தினமும் நாலு மணிக்குள் டிரைவர்களுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாள். ஒரு வருடமாகப் பார்வையின் நடுவில் புகை மாதிரி ஒரு மறைப்பு. கண்ணாடியால் சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வாரம் டிரைவர் ராமருக்குப் பேசியது ஆன்டனிக்குப் போய், முள்ளக்காட்டுக்குப் போக வேண்டிய லோடு நின்றுபோனது. "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேற ஆள் பாத்துக்கிடுதேன்" என்றார் முதலாளி.

மில்லர்புரம் செல்போன் கடையில் அவள் கணவர் ஆறுமுகநயினார், "அண்ணாச்சி, இருக்கதுலயே பெரிய போனா எடுங்க" என்றார்.

கடைக்காரர் ஜோன்ஸ் முதலில் பட்டன் போனை எடுத்தார். எண்கள் பளிச்சென்று தெரிந்தன, வாட்ஸ்அப் இல்லை. அடுத்தது பலகை மாதிரி ஒன்று. பழைய போனில் உள்ளபடியே நான்கு டிரைவர் பெயர்களையும் அதில் ஏற்றி, எழுத்தை ஆகப் பெரிதாக்கினார்.

"இப்ப நல்லா தெரியுதுல்லா?" என்றார் நயினார்.

"தெரியுது. லாரி டிரை, லாரி டிரை, லாரி டிரை, லாரி டிரை. இதுல ராமர் எவன்?"

எல்லோரையும் 'லாரி டிரைவர்' என்று தொடங்கித்தான் பதிந்திருந்தாள். எழுத்து பெருத்ததும் ஆள் பெயருக்குத் திரையில் இடமில்லை.

"கவலப்படாதீங்க அக்கா, போனே வாசிக்கும்" என்று ஜோன்ஸ் எதையோ அமுக்கினார். போன் இங்கிலீஷில் ஆரம்பித்தது. மணி சொன்னது, பேட்டரி சொன்னது. நிறுத்தும் பட்டனைத் தொட்டால் அந்தப் பட்டனின் பெயரைச் சொன்னது. நிற்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, ஒங்களுக்கே நிறுத்தத் தெரியலையா?"

"நேத்து நின்னுச்சே!"

மணி மூன்று. பெரிய எழுத்தில் பெயர் இல்லை. பேசுகிற போனுக்கு வாய் மூடவில்லை. எதைத்தான் வாங்குவது?

யாரிடமாவது கேட்கலாமென்று ஜோன்ஸ் தன் சொந்தப் போனை எடுத்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. இசக்கிசெல்வி அதைப் பிடுங்கிக் கண்ணருகே கொண்டுபோய், முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினாள்.

"ஜெபின் சர்வீஸ். இவருக்கா போன் போடுதீய?"

ஜோன்ஸ் திகைத்தார். "ஆமாக்கா!"

"ஏளா, அது சின்ன போனுல்லா?" என்றார் நயினார். "கண்ணு தெரியாதவளுக்கு சின்ன போனா?"

"முழுசாவா தெரியாமப் போச்சு? ஓரக்கண்ணுல தெரியுது. ஒத்தக் கையில பக்கத்துல பிடிச்சுக்கலாம். அந்தப் பெரிய போனு வெள்ள வெளிச்சந்தான் கூசுது. இதே மாதிரி ஒன்னு குடுங்க, அண்ணாச்சி. 'லாரி டிரைவர்'ங்கிறத வெட்டிட்டு ஆள் பேர மட்டும் போடுங்க."

நயினாரும் போனை வாங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

புதுச் சின்னப் போனுக்குச் சிம்மும் வாட்ஸ்அப்பும் மாறியபோது மணி மூன்று ஐம்பது. "ராமர், முள்ளக்காட்டு லோடு ஒனக்கு" என்று பேசி அனுப்பினாள். மூவரும் போனையே பார்த்தார்கள்.

பதில் வந்தது. "எக்கா, இது எனக்குத்தானா, இல்ல ஆன்டனிக்கா?"

"ஒனக்குத்தாம்ல! வண்டிய எடு" என்றவள், ஆன்டனியைத் தேட மறுபடியும் முகத்தைத் திருப்பினாள்.