பட்டன் கொடுத்த வாக்கு

தொழிலில் அவனுக்குப் பட்டன் என்று பெயர். கிடாரோ பியானோவோ வாசிக்கத் தெரியாது, கம்ப்யூட்டரில் பட்டனைத் தட்டியே பாட்டுப் பண்ணுகிறான் என்று ஒரு டிரம்மர் வயிற்றெரிச்சலில் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. பட்டனுக்கு அதில் வருத்தமே கிடையாது. டிரம்மர் இன்னமும் வாய்ப்புத் தேடி அலைகிறார். பட்டனின் பாட்டோ ஜிம், பஸ், துணிக்கடை லிஃப்ட் என்று போகிற இடமெல்லாம் துரத்துகிறது.

அந்தப் பாட்டுகளின் நடுவே கீச்சென்று ஒரு குரல் வரும். அணில் பாடுகிறதா, பொம்மை பாடுகிறதா என்று சொல்ல முடியாது. கேட்டவன் அன்று முழுக்க அதையே முணுமுணுத்துக்கொண்டிருப்பான். அது பட்டனின் அக்கா குரல். துணி அலமாரியைத் திறந்துவைத்து, எதிரொலி வராமலிருக்கத் துணிகளுக்கு நடுவே அவளை நிறுத்தி, "எதையாவது பாடுக்கா, இல்ல எதையாவது பேசுக்கா" என்று மைக்கை நீட்டிப் பிடித்த குரல். வேலைக்குப் போய் வந்த களைப்பிலும் தம்பி கேட்டால் அக்கா நிற்பாள்.

அந்த அக்காவுக்குத்தான் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா, "இப்பவே அரை மணி நேரம் சாதாரணமா பேசி ரெக்கார்ட் பண்ணிடுங்க. அப்புறம் நீங்க போன்ல டைப் பண்ணா உங்க குரல்லயே அது பேசும்" என்றாள். அப்போது அக்காவின் குரலில் பெரிய குறை ஒன்றும் இல்லை. அக்கா தம்பியைப் பார்த்தாள்.

"அரை மணி நேரமா? உன் பத்து வருஷக் குரல் என்கிட்ட கிடக்கு. நீ போய் ரெஸ்ட் எடு" என்றான் பட்டன். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொல்லிவிட்டான். அக்கா நம்பினாள். கூடப் பிறந்தவன் சொன்னால் அவள் நம்பாமல் என்ன செய்வாள்?

பிறகு, ஆபரேஷனுக்கு முன்னால் கதிர்வீச்சு கொடுத்தார்கள். குரல் கட்டிக்கொண்டது, கரகரத்தது, பாதி வார்த்தையில் காணாமல் போகத் தொடங்கியது. மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்ற நிலையில்தான் நம்ம ஆள் ஹார்ட் டிஸ்குகளை மேஜைமேல் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தான்.

குரல் இருந்தது. ஆயிரக்கணக்கில் இருந்தது. எல்லாம் துண்டு துண்டாக. 'ஆ' ஒரு துண்டு, 'ஹே' ஒரு துண்டு, உருப்படியாக ஒரு வாக்கியம் இல்லை. எல்லாவற்றிலும் சுருதியை ஏற்றி, மூச்சை வெட்டி, மெருகேற்றிச் சேமித்திருந்தான். அசல் எங்கே? ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அசலை அவன் கையாலேயே அழித்திருந்தான். இருமலும் சிரிப்பும் பிசிறுமாக அந்தக் குப்பை இடத்தை அடைப்பானேன் என்று. ஏற்றிய சுருதியை இறக்கிப் பார்த்தான். அக்கா வரவில்லை. யாரோ ஓர் ஆம்பளை கிணற்றுக்குள் விழுந்து முனகுவது மாதிரி வந்தது.

போனில் அவள் அனுப்பிய குரல் செய்திகளாவது இருக்குமா என்று துழாவினான். வளவளவென்று பேசுகிறாள் என்று அவற்றையும் அவ்வப்போது துடைத்திருந்தான், மகராசன். அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டான்.

"வீடியோ நிறைய இருக்குப்பா" என்றார் அவர். "ஆனா எதுல பார்த்தாலும் பின்னாடி உன் பாட்டுதான் ஓடுது. அவ பேசறது ஒண்ணுமே கேக்கல."

லேப்டாப்பையும் மைக்கையும் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினான். அவள் ஆஸ்பத்திரிப் பையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அசலையெல்லாம் அழித்துவிட்டதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டான்.

"எல்லாமேவாடா?" கரகரப்பில் பாதிதான் வெளியே வந்தது.

"எல்லாமேக்கா."

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். "பாப்பாகிட்ட சொல்லிட்டேனேடா. அம்மா குரல் மாமாகிட்ட பத்திரமா இருக்கு, பயப்படாதேன்னு."

பட்டன் அவள் காலடியில் தரையில் சரிந்து அழுதான். செத்துப் போகலாம் போல இருந்தது. அக்கா கொஞ்ச நேரம் அழவிட்டாள். பிறகு காலால் அவன் முதுகில் ஓர் இடி இடித்தாள். "அழுது என்ன ஆகப்போகுது? மைக்கைப் போடு."

குரல் பதிவுக்காக ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த தாளை வாசித்தாள். 'வானம் தெளிவாக உள்ளது. ரயில் தாமதமாக வருகிறது.' இரண்டு வரியோடு தாளைக் கட்டில்மேல் எறிந்தாள்.

"இதையெல்லாம் நான் என்னிக்குடா பேசியிருக்கேன்?"

பிறகு அவள் பாட்டுக்குப் பேசினாள். "பாப்பா, கதவைத் தாழ்ப்பாள் போட்டியா? ஈரத் தலையோட படுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? ஏங்க, சாவிய எங்க வச்சுத் தொலைச்சீங்க? டேய் தம்பி, நீ உருப்படவே மாட்ட." இடையிடையே தண்ணீர் குடித்தாள். ஹெட்போனுக்குள் பட்டன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பாப்பா, அம்மா இங்கதான் இருக்கேன்" என்றாள். கடைசி வார்த்தை உடைந்து போயிற்று.

"இன்னொரு தடவைக்கா, பிசிறடிச்சிருச்சு" என்றான் பட்டன். பழக்க தோஷம். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அக்கா இன்னொரு தடவை வாயைத் திறந்தாள். வெறும் காற்று வந்தது. தண்ணீரைக் குடித்து, தொண்டையைத் தடவி, மறுபடி முயன்றாள். அப்போதும் காற்றுதான். போனை எடுத்து டைப் செய்து காட்டினாள்: 'எவ்வளவு வந்திருக்கு?'

"நாலு நிமிஷம்."

'போதுமா?'

எத்தனையோ பாடகர்களை "சூப்பர், இது போதும்" என்று வாய்கூசாமல் சொல்லி வீட்டுக்கு அனுப்பியவன் அவன். அந்தச் சொல் இப்போதும் நாக்கின் நுனிவரை வந்தது.

"போதாதுக்கா" என்றான்.

அக்கா தலையை ஆட்டினாள். கோபித்துக்கொள்ளவில்லை. மைக்கைத் தன் பக்கம் இன்னும் கிட்டே இழுத்து, உதட்டோடு ஒட்டவைத்துக்கொண்டு, மகளைக் கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தாள். காற்று வந்தது. மறுபடி திறந்தாள். பட்டன் ரெக்கார்டிங்கை நிறுத்தவில்லை.