கான் வைத்த முறை

முதலில் மாதா கோயில் கிணறு இருந்தது. கடல் ஊருக்குள் ஏறிய வருடம் அது உப்பாகிப் போனது. பிறகு சண்டை வந்து ஊரே இல்லாமல் போனது. திரும்பி வந்தவர்களுக்கு யாரோ சீமெந்துத் தொட்டி கட்டிக் கொடுத்தார்கள். கடைசியாகக் குழாய் வந்தது. திறப்பு விழாவன்று இரண்டு தரம் இருமிவிட்டு வாயை மூடிக்கொண்டது. ஆகவே தண்ணீர் ஏற்றிவரும் பவுசர்தான் இன்னும் வந்து தொட்டியை நிரப்புகிறது. சனம் வாளியால் அள்ளிக்கொள்ளும்.

வரிசையில் ஆட்கள் நிற்பதில்லை, தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் கான்கள்தான் நிற்கும். கடலில் கரைவலை வளைக்க ஆளுக்காள் முறை வைக்கிற மாதிரித்தான். ஒருவர் வைத்த கானை மற்றவர் தொடக்கூடாது.

அன்று பவுசர் அரைத்தொட்டிதான் ஊற்றியது. நிறஞ்சனா வாளியோடு ஓடிவந்தபோது, முதலாவதாக நின்ற அவளுடைய வெள்ளைக் கான் மணலில் உருண்டு கிடந்தது. அதன் இடத்தில் படகுக்காரன் சதீசின் நீலக் கான். வீட்டில் மாதம் நிறையாத பிள்ளை. முலையில் பால் இல்லை. பால்மாக் கரைக்க நல்ல தண்ணீரும் இல்லை.

"ஆர் என்ர கானைத் தள்ளினது?"

"காத்து," என்றான் சதீஸ்.

"காத்துக்குக் கை இருக்கோ?"

"இருக்கு. உன்ர மனிசனுக்குத்தான் இல்லை."

கரையிலிருந்து துடுப்போடு வந்துகொண்டிருந்த அவள் புருசன் றொசானுக்கு அது கேட்டுவிட்டது. துடுப்பு சதீசின் தோளில் இறங்கியது. சதீஸ் அவன் காதைக் கடித்தான். இருவரும் மணலில் உருண்டார்கள். சதீசின் விரல்கள் றொசானின் கழுத்தை நெரித்தன.

நிறஞ்சனா நீலக் கானைத் தூக்கினாள். அது பாரமாக இருந்தது. ஏன் பாரம் என்று யோசிக்க அவளுக்கு மனமில்லை. சதீசின் தலையைப் பார்த்து எறிந்தாள். அவன் குனிந்தான். கான் தொட்டி விளிம்பில் மோதி, மூடி தெறித்து, உள்ளே விழுந்தது.

மண்ணெண்ணெய் மணம் எழும்பியது. படகு இயந்திரத்துக்கு வாங்கிக்கொண்டு வந்தவன், கையிலிருந்ததையே முறைக்கு வைத்திருக்கிறான்.

தண்ணீரின் மேல் நிறம் நிறமாய்ப் படர்ந்தது.

"பாவி, என்ன செய்தனீ!" எழுந்து வந்த றொசான் அவள் கன்னத்தில் அறைந்தான். அவள் திருப்பி அறைந்தாள்.

"என்ர பிள்ளையளும் இதைத்தானடி குடிக்கிறது!" சதீஸ் இரத்தத்தைத் துப்பினான். அவளை நோக்கி இரண்டு அடி வைத்தவன், திரும்பி, பக்கத்தில் நின்ற குழாயை உதைத்தான். பிறகு கூடிநின்ற எல்லோரும் உதைத்தார்கள். றொசான் துடுப்பால் அடித்தான். குழாய் முறிந்தது. உள்ளே இருந்து கொஞ்சம் மணலும் ஒரு பெருமூச்சும் வந்தன.

வீட்டுப் பக்கம் பிள்ளை வீரிட்டது.

நிறஞ்சனா வெள்ளைக் கானை எடுத்துவந்து, முறிந்த குழாயின் கீழ் வைத்தாள். அதை ஒருவரும் தொடவில்லை.