தொண்ணூற்றிரண்டு நிமிடங்கள்

கேமரா மாட்டுவது என் தொழில். பதினெட்டு வருடங்களாகக் கடைகள், பள்ளிகள், அடுக்குமாடி வீடுகள் என்று மாட்டிக்கொண்டிருக்கிறேன். அது போதாதென்று, எங்கள் ஊர் டி.வி. அலைவரிசை ஒன்றில் செவ்வாய்க்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் பேசவும் செய்தேன். செல்போன் மோசடி, புதுச் சட்டம், தெருப் பாதுகாப்பு, எதைப் பற்றிக் கேட்டாலும் என்னிடம் ஒரு கருத்து தயாராக இருந்தது. என் மனைவி அந்த நிகழ்ச்சிக்கு ‘ஊருக்கு உபதேசம்’ என்று பெயர் வைத்திருந்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். பெருமை உள்ளே வரும்போது கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை.

ஒரு திங்கட்கிழமை, நான் கேமரா மாட்டிய நான்கு மாடிக் கட்டடத்தில் முதல் மாடி அம்மாவின் நகைப்பெட்டி காணாமல் போனது. அந்த அம்மா மதியம் இரண்டு மணிக்குப் பல் டாக்டரிடம் போய்விட்டு மூன்று மணிக்குத் திரும்பியிருக்கிறார். கதவைப் பூட்டாமல் வெறுமனே சாத்திவிட்டுப் போனது தன் தவறுதான் என்று அழுதார். மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். “ரெண்டுலேர்ந்து மூணு வரைக்கும் எடுத்துக் கொடுங்க, போதும்.”

கேமராக்களின் பதிவெல்லாம் வாசலில் காவலாளி அறையிலிருக்கும் ஒரு பெட்டிக்குள் சேரும். அதிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு இருபதுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் தோளில் கேனோடு படியேறுகிறார். பத்து நிமிடம் கழித்துக் காலி கேனும் தோள்பையுமாக இறங்குகிறார். வேறு யாருமில்லை.

நீதிமன்றத்துக்குப் போகும் பதிவென்றால் அதோடு ஒரு சான்றும் தர வேண்டும். அதில், ‘பெட்டி காட்டும் நேரம்’ என்று ஒரு கட்டமும், ‘உண்மையான நேரம்’ என்று பக்கத்திலேயே இன்னொரு கட்டமும் உண்டு. பழைய பதிவைத் தேடும் திரையில், பெட்டியில் இப்போது மணி என்ன என்பது தெரியாது. அதிலிருந்து வெளியே வந்து நேரடிக் காட்சியைப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் அன்று செவ்வாய்க்கிழமை. முடி வெட்டிக்கொண்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நான் ஸ்டுடியோவுக்குப் போக வேண்டும். கைபேசியைப் பார்த்து இரண்டு கட்டத்திலும் ஒரே நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மதியத்துக்குள் கேன்காரரைப் பிடித்துவிட்டார்கள். மாலையில் அந்தக் காட்சி எங்கள் நிகழ்ச்சிக்கே வந்துவிட்டது. கேன்காரர் முகத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். கீழே, ‘தண்ணீர் போட வந்தவர் நகையோடு போனார்’ என்று பெரிய எழுத்து. நிகழ்ச்சி நடத்தும் பெண் என் பக்கம் திரும்பினாள்.

“சார், கேமராவே காட்டிக் கொடுத்திருக்கு. இதுல சந்தேகத்துக்கு இடம் இருக்கா?”

அப்போதுதான் பார்த்தேன். கேன்காரரின் தோளுக்குப் பின்னால், திறந்திருந்த கேட்டுக்கு வெளியே, ஒரு பள்ளி வேன் வந்து நிற்கிறது. சீருடை போட்ட இரண்டு பிள்ளைகள் குதித்து இறங்குகிறார்கள். திரையின் மூலையில் மணி இரண்டு இருபது. அந்தச் சீருடை எனக்குத் தெரியும். என் பிள்ளைகள் போட்ட சீருடை. அந்தப் பள்ளி மூன்றே முக்காலுக்கு முன்னால் விட்டதே இல்லை.

“ஒரு நிமிஷம், இது சரியா இல்லையே” என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முகத்தில் பவுடர் பூசியிருந்தார்கள், விளக்கில் கண் கூசியது, ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

“சந்தேகமே இல்லை. மனுஷன் மறப்பான், மாத்திச் சொல்லுவான். கேமரா மாத்திச் சொல்லாது” என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கேலி எதுவும் செய்யவில்லை.

“ஏங்க, ரெண்டு இருபதுக்கு எப்படிங்க ஸ்கூல் வேன் வந்துச்சு?”

“பரீட்சையா இருக்கும். சீக்கிரம் விட்டிருப்பாங்க.”

“இந்த மாசம் என்ன பரீட்சை?”

“சாப்பாடு எடுத்து வை.”

வைத்தாள். படுக்கும் முன் வழக்கம்போலப் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். தினமும் சொல்லும் வார்த்தைகள் எல்லாம் வந்தன. நான்தான் வரவில்லை.

காலையில் நேராக அந்தக் காவலாளி அறைக்குப் போனேன். காவலாளி டீ குடிக்கப் போயிருந்தார். நேரடிக் காட்சியைத் திறந்தேன். என் கைபேசியில் எட்டு நாற்பது. பெட்டியில் ஏழு எட்டு. தொண்ணூற்றிரண்டு நிமிடம் பின்னால்.

பெட்டிக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். அது செத்துப்போனால், கரண்ட் போகிற நேரமெல்லாம் கடிகாரம் நின்றுவிடும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஆறு மாதத்து மின்வெட்டெல்லாம் அதில் சேர்ந்திருந்தது. பெட்டிக்குப் பின்னால் நான் தொங்கவிட்ட மஞ்சள் அட்டையில், ‘பேட்டரி மாற்றப்பட்டது’, ‘நேரம் சரிபார்க்கப்பட்டது’ என்ற இரண்டு வரிக்கும் நேரே என் கையால் போட்ட டிக் குறி. ஆறு மாதத்துக்கு முன் அதைப் போட்ட அன்று பையில் பேட்டரி இல்லை. அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்று டிக் மட்டும் போட்டுவிட்டு வந்தது நினைவிருக்கிறது. அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

பதிவைப் பின்னால் ஓட்டினேன். பெட்டியின் கணக்கில் பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு முதல் மாடி அம்மா நீலக்குடையோடு வெளியே போகிறார். அதாவது உண்மையில் இரண்டு மணி. பன்னிரண்டு ஐம்பத்தொன்றுக்கு ஹெல்மெட் கழற்றாத ஒருவன் வெறுங்கையோடு ஏறி, எட்டு நிமிடத்தில் சட்டைக்குள் எதையோ அணைத்துக்கொண்டு இறங்குகிறான். கேன்காரர் வந்தது உண்மையில் மூன்று ஐம்பத்திரண்டுக்கு. அந்த அம்மா திரும்பி வந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆன பிறகு.

இதற்கு மேல் நான் செய்தது இன்றுவரை யாரிடமும் சொல்லாதது. நேரத்தை மாற்றும் திரையைத் திறந்து சரியான மணியைப் போட்டேன். ‘சேமிக்கவா?’ என்று பெட்டி கேட்டது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். கடிகாரம் தப்பாக ஓடியது என்பதற்கு நேரடிச் சாட்சி இருக்காது. பள்ளி வேனை வேறு யாரும் கவனிக்கப் போவதில்லை. நாற்பது கட்டடங்களின் வேலை என் கையில் இருக்கும். ‘எப்படியும் நல்ல வக்கீல் வைத்தால் வெளியே வந்துவிடுவார்’ என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேன் போடுகிறவருக்கு எந்த நல்ல வக்கீல்?

“அண்ணே, லிப்ட் ஓடுதா?”

வாசலில் ஒரு பெண், தோளில் தண்ணீர் கேனோடு நின்றாள்.

“ஓடலம்மா.”

“அப்ப நடராஜா சர்வீஸ்தான்.” கேனை இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள். “ரெண்டாவது மாடிக்காரங்க மட்டும்தான் இன்னும் வேணாம்னு சொல்லல. எங்க வீட்டுக்காரரு உள்ள இருக்காரு, அதான் நான் தூக்கிட்டு வந்தேன்.” அப்புறம் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். “நேத்து டி.வி.ல பேசினது நீங்கதானே?”

ஆமென்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“என்ன அண்ணே இப்படி வேர்க்குது? காலையில ஒண்ணும் சாப்பிடலையா?” கேன் தூக்கப் போகிறவள் தனக்கென்று கொண்டுவந்திருந்த பாட்டிலைத் திறந்து நீட்டினாள். “குடிங்க. நம்ம கிட்ட தண்ணிக்கா பஞ்சம்?”

குடித்தேன்.

“ஒண்ணு கேட்டா தப்பா நினைக்காதீங்க. மத்தியானம் அவர கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். ஸ்கூல் விட்டப்புறம்தான் வந்தேன்னு அடிச்சுச் சொல்றாரு. இது உங்க தொழிலு, இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன். அவரு பொய் சொல்றாருன்னா அதையும் சொல்லிடுங்க. நான் தாங்கிக்கிறேன்.”

“பார்க்கிறேம்மா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லி அவள் தோளிலிருந்த பாரத்தை இறக்கியிருக்கலாம். அதற்கும் எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் படியேறினாள். நான் ‘வேண்டாம்’ என்பதைத் தட்டினேன். பெட்டி தன் பழைய தப்பான மணிக்கே திரும்பியது. அந்தத் திரையையும் பக்கத்தில் என் கைக்கடிகாரத்தையும் சேர்த்துக் கைபேசியில் படமெடுத்தேன். மஞ்சள் அட்டையைக் கழற்றிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“நேத்து டி.வி.ல பேசினது நீங்களா, இல்ல உங்க தம்பியா?”

“நான்தான் சார்.”

“பொய்ச் சான்று கொடுத்தா என்ன தண்டனைன்னு போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை விலாவாரியா பேசினீங்களாமே. எங்க வீட்டம்மா பார்த்துட்டு எனக்கே பாடம் எடுத்தாங்க.”

மஞ்சள் அட்டையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“எழுதிக் கொடுக்கிறீங்களா? அட்டையில டிக் போட்டதையும் சேர்த்து?”

“சேர்த்தே எழுதறேன் சார்.”

பாதி எழுதியிருப்பேன். அவர் குரல் தணிந்தது. “ரெண்டுலேர்ந்து மூணு போதும்னு சொன்னது நான்தான். பதிவுல அந்தம்மா வெளியே போறாங்களான்னாவது நான் பார்த்திருக்கணும்.” அதை அவர் என்னிடம் சொல்லியிருக்கத் தேவையில்லை. சொன்னார்.

கேன்காரரை விடப் பதினொரு மணி ஆயிற்று. சட்டையில் இரண்டு பொத்தான்களைக் காணோம். கன்னத்தில் ஒரு தடிப்பு இருந்தது. நான் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பொத்தான் இல்லாத சட்டையை இழுத்து மூடிக்கொண்டார்.

“டி.வி.ல திரும்பச் சொல்லுவாங்களா சார்?”

அங்கேயே நிகழ்ச்சி நடத்தும் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவர் காதிலும் விழட்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்தேன்.

“ஐயோ சார், அது நேத்து மேட்டர். அடுத்த செவ்வாய் கடைசியில கீழ ஒரு வரி ஓட விடறேன், போதும்ல?”

கேன்காரர் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. “எங்க தெருவுல யாரும் கீழ ஓடற எழுத்தப் படிக்க மாட்டாங்க சார். நீங்களே வந்து சொல்லுங்க.”

போனேன். ஒரு பொய் ஊர் முழுக்கப் பரவ அரை நிமிடம் போதுமாக இருந்தது. உண்மைக்கு அப்படி வாகனம் எதுவும் கிடைக்கவில்லை. வீடு வீடாக நடந்தேதான் போக வேண்டியிருந்தது.

பதினான்கு வீடுகள். ஒவ்வொரு கதவாக நான் தட்டினேன். அவர் இரண்டடி பின்னால் தலையைக் குனிந்தபடி நின்றார்.

“யாருங்க நீங்க?”

“நேத்து டி.வி.ல இவரத் திருடர்னு சொன்னவன். நான் சொன்னது தப்பு. இவரு திருடல. என் வேலையில நான் செஞ்ச தப்பு அது.”

ஒரு அம்மா, “அதான் நான் அப்பவே சொன்னேனே” என்றார். அவர் எப்போதும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று கேன்காரரின் முகம் சொன்னது. ஒரு பெரியவர், “இத இங்க வந்து சொல்லி என்ன பிரயோஜனம், போய் அங்க சொல்லு” என்று கதவைச் சாத்தினார். அவர் சொன்னதும் நியாயம்தான். தையல்காரர் ஒருவர் என்னைக் கண்டுகொள்ளாமல் கேன்காரரை மட்டும் கூப்பிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி, இரண்டு பொத்தான்களைத் தைத்துக் கொடுத்தார். அதன் பிறகு கதவுகளைக் கேன்காரரே தட்டினார்.

கடைசிக் கதவு அவருடையது. “இங்கயும் சொல்லணும் சார்” என்றார்.

பள்ளி விட்டு வந்திருந்த ஒன்பது வயது மகள் கதவைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து, அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். இதுவரை சொன்னதிலேயே கஷ்டமானது அதுதான்.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு அப்பாவிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“எங்க கிளாஸ்ல எல்லாரும் டி.வி. பார்த்தாங்க. நாப்பத்திரண்டு பேரு. அங்கயும் வந்து சொல்வீங்களா?”

கேன்காரர் அவளை அதட்டவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

“சொல்றேம்மா. எந்த கிளாஸ்?” என்று கேட்டேன்.